செம்மேட்டு ஏரியின் பன்னிரண்டு திட்டுகள்

செம்மேட்டு ஏரியை வெட்டியவர்கள் பட்டினியால் செத்தார்கள். அவர்களை வேலை வாங்கியவனுடைய பெயரைக் கல்லில் பொறித்தார்கள். அந்தக் கல்லுக்கு நாம் தலைமுறை தலைமுறையாக மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினோம். இன்று அதே பெயரில் ஓர் அலங்கார வளைவு கட்ட அடிக்கல் நாட்ட வந்திருக்கிறோம். இது தவறு. இதைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்வது என்று வீட்டில் செருப்பு மாட்டும்போதே முடிவு செய்தேன். சொல்லிவிட்டேன். இனி வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்று, இந்தக் கிழவனை ஏன் மேடையேற்றினோம் என்று இப்போது நெற்றியைத் தடவிக்கொண்டிருக்கும் ஏரிக்கரைக் குழுத் தலைவர், என் பள்ளித் தோழர் மணவாளன் அவர்களே! வெயிலுக்கு முன்பே வந்து நிழல் பார்த்து நாற்காலி பிடித்த பெரியோர்களே! தணிகை மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் முழங்கால் வலியோடு ஏறி, படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைக்கும் தாய்மார்களே! பள்ளிப்பட்டிலிருந்து தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே! அரக்கோணம் லோக்கலைப் பிடிக்க வேண்டுமே என்று மணி பார்க்கும் தம்பிமார்களே! உங்கள் எல்லோருக்கும் வீரபத்திரனின் வணக்கம்.

எனக்கு மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஏரியின் பெருமையைப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். கேட்கத்தான் பொறுமை வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அரக்கோணம் ஜங்ஷனில் முப்பத்தொரு வருடம் மூட்டை தூக்கியவன். விழுப்புரம் மூட்டையை விஜயவாடா வண்டியில் ஏற்றினால் மறுநாள் கிடைக்கும் வசவு உங்களுக்குத் தெரியாது. அந்த வசவுக்கு அஞ்சி, மூட்டையின் முதுகில் இருந்த இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தேன். மூட்டையில் படித்த படிப்பு என்று மணவாளன் கேலி செய்வார். ஆமாம் ஐயா, அந்த மூட்டைப் படிப்புதான் ஏரி மதகடியில் நிற்கும் அந்தக் கல்லைப் படித்தது! பட்டம் வாங்கிய எத்தனை பேர் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றோம்? எத்தனை பேர் மொட்டையடித்தோம்? ஒருவராவது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தோமா?

பார்க்க மாட்டோம். ஏனென்றால் நாம் திருத்தணிக்காரர்கள். நமக்குக் கை பழகிவிட்டது. மலைப்படிக்குப் பூசிப் பூசிப் பழகிய கை, நிமிர்ந்து நிற்கும் கல்லைக் கண்டால் சும்மா இருக்காது. முதல் நாள் யாரோ ஒரு புண்ணியவதி ஒரு பொட்டு வைத்தாள். மறுநாள் இன்னொருத்தி மஞ்சள் பூசினாள். அடுத்த ஆடியில் கோழி அறுத்தோம். அதற்கடுத்த ஆடியில் அதற்குத் தொரையப்பன் என்று பெயர் வைத்தோம். எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து இரண்டு விரல் கனத்துக்கு ஏறி, எழுத்தெல்லாம் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

போன வருடம் பங்குனியில், சீயக்காய்த் தூளும் தேங்காய் நாருமாக நான் அந்தக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லுக்கு நாற்பது வருடமாக விளக்கேற்றி வருகிற கெங்கம்மாள் வந்தாள். காலஞ்சென்ற என் மனைவியின் தங்கை. அதோ, மூன்றாம் வரிசையில் முக்காட்டுக்குள் சிரிக்கிறாளே, அவள்தான். கையில் துடைப்பம்.

“என்னா பாவா பண்ணிகினு கீற? சாமிய தோலுரிக்கிறியா?”

“குளிப்பாட்டறேன் கெங்கம்மா.”

“நீ குளிச்சி எத்தினி நாளாவுது? சாமிக்கு வந்துட்டாரு தண்ணி ஊத்த!”

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் அன்று சிரித்தேன். எழுத்து தெரிகிறவரை சிரித்தேன்.

எழுத்து தெரிந்தது. ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். ‘இந்த ஏரி பஞ்ச காலத்தில், ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழாம் ஆண்டு, லாங்டன் துரையால் வெட்டப்பட்டது. சர்க்காருக்கு மிகச் சிக்கனமாக முடித்துக் கொடுத்தமைக்காக நிறுத்தப்பட்ட கல்.’ அவ்வளவுதான். சாமியும் இல்லை, பூதமும் இல்லை. கெங்கம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

“அப்போ எம்மாங் கோழி அறுத்திருப்போம் பாவா, இந்த வெள்ளக்காரனுக்கு?”

அந்தக் கோழிக் கணக்கை யார் எழுதி வைத்தார்கள்? மணவாளனிடமும் இருக்காது. ஆனால் எனக்கு உறுத்தியது கோழி இல்லை. சிக்கனம் என்ற அந்த ஒரு சொல். எதைச் சிக்கனம் செய்தார் துரை? சுண்ணாம்பையா? கருங்கல்லையா? மதகுப் பலகையையா? எதை ஐயா சிக்கனம் செய்தார்?

சோற்றைச் சிக்கனம் செய்தார்.

தாது வருடத்துப் பஞ்சம். மழை இல்லை, விதை இல்லை, மாட்டுக்குத் தட்டை இல்லை. தென்னாடு முழுவதும் லட்சம் லட்சமாகச் செத்தார்கள். சர்க்கார் நிவாரண வேலை திறந்தது. திறந்துவிட்டு நிபந்தனை போட்டது. உடம்பில் தெம்பிருப்பவன் சொந்த ஊருக்குப் பக்கத்தில் வேலை கேட்கக்கூடாது, பத்து மைலுக்கு அப்பால் போய்க் கேட்க வேண்டும். பட்டினி கிடப்பவனைப் பத்து மைல் நடக்கவிட்டுப் பார்ப்பதுதான் பரீட்சை! பள்ளிப்பட்டுக்காரன் இங்கே நடந்து வந்தான். இங்கிருந்தவன் திருவாலங்காட்டுப் பக்கம் நடந்து போனான். நாளெல்லாம் மண் சுமக்கிற ஆளுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று மேலிருந்து கணக்குச் சொன்னார்கள். அதே நாளில் சென்னைத் துறைமுகத்தில் தானிய மூட்டைகள் கப்பல் ஏறின. அரக்கோணத்துக்கு ரயில் வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. ரயில் பசித்தவனுக்கு அரிசி கொண்டு வந்தது என்று சொல்கிறார்கள். பசித்தவன் ஊரிலிருந்து எத்தனை மூட்டையைக் கொண்டு போனது? மூட்டை தூக்கியவன் கேட்கிறேன். சொல்லுங்கள்.

யாரது பின்னால்? என்ன சொல்கிறாய்? உரக்கச் சொல் தம்பி.

“தொரை இல்லன்னா ஏரியே இல்ல நைனா!”

ஆங், நல்லா கேட்ட. தொர மண்வெட்டி புடிச்சாரா? கூடைய தூக்குனாரா? நெழல்ல குந்திகினு பேரு எழுதிகினாரு. அதுக்குப் போயி வளைவு கட்றியா நீ?

கோபப்படவில்லை தம்பி, உட்கார். உனக்குத் தெரியாதது உன் குற்றம் இல்லை. எனக்கும் சௌமியா சொல்லித்தான் தெரியும். சௌமியா பள்ளிப்பட்டு உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்துகிற ஆசிரியை. சென்னைக்குப் பலமுறை போய்ப் பழைய ஆவணங்களைப் புரட்டி, இந்த ஏரியின் நிவாரண முகாம் பதிவேட்டை நகலெடுத்து வந்தார். சித்திரையில் முகாமில் இருந்தவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். புரட்டாசியில் அறுநூற்றுப் பன்னிரண்டு. மிச்சம் ஐந்நூற்று இருபத்தெட்டுப் பேருக்கு நேரே ஒரே சொல்: நீக்கம். எங்கே நீக்கினார்கள்? எப்படி நீக்கினார்கள்? பெயர் உண்டா? ஊர் உண்டா? தகப்பன் பெயர் உண்டா? துரையின் குதிரைக்குப் பெயர் எழுதியிருக்கிறது ஐயா, அதே பதிவேட்டில்!

அந்தப் பக்கத்தின் கடைசியில் இரண்டு வரி. இந்த இரண்டு வரியைச் சொல்லத்தான் நான் இந்த மேடை ஏறினேன். ‘அளக்கப்படாத குழிகள் பன்னிரண்டு. திட்டுகள் நிற்கின்றன. உரிமை கோர ஆள் இல்லை.’

நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு இது உடனே விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மண் வெட்டுகிறபோது குழிக்கு நடுவே ஒரு திட்டை வெட்டாமல் விடுவார்கள். எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதை அந்தத் திட்டின் உயரம் சொல்லும். மேஸ்திரி வந்து அளந்து எழுதிய பிறகுதான் அதையும் வெட்டி எடுப்பார்கள். அளக்கிறவரை அதன் மேல் கை வைக்க மாட்டார்கள். அது போனால் உழைத்ததற்கு அத்தாட்சி போயிற்று. அளந்தால்தான் அன்றைய தானியம்.

இப்போது நினைத்துப் பாருங்கள். குழி வெட்டினார்கள். திட்டை விட்டார்கள். அளவுக்குக் காத்திருந்தார்கள். அளவுகோல் வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். திட்டு நின்றது. ஏரி வற்றும்போதெல்லாம் நடுவில் கரடு கரடாகத் தெரிகிறதே, நாம் கிரிக்கெட் ஆட இடைஞ்சல் என்று திட்டுகிறோமே, ஆடு மேய்க்கிறவர்கள் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்களே, அவை அந்தத் திட்டுகள்தான். ஆளுயரம் இருந்தவை கரைந்து கரைந்து முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டன. சுண்ணாம்பு போல இறுகிய சுக்கான் மண், அதனால்தான் இந்த அளவாவது மிஞ்சியிருக்கிறது. நூற்றைம்பது வருடமாக அளவுக்குக் காத்திருக்கின்றன.

அவற்றைத்தான் நாளைக் காலை எட்டு மணிக்குப் படகுத்துறைக்காக ஜேசிபி வைத்துத் தள்ளப் போகிறார்கள். குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியாயிற்று. போய்ப் பாருங்கள்.

மணி அடிக்க வேண்டாம் மணவாளன். உங்களுக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். “பாக்கலாம்பா, வீரபத்திரா” என்றீர்கள். எதைப் பார்த்தீர்கள்? இது என் வீட்டு வாய்க்கால் தகராறா? இந்த ஊர் எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக ஜெயிலுக்குப் போன மனிதர்கள் வாழ்ந்த ஊர் இது. எல்லைக்கோட்டுக்கு அவ்வளவு சண்டை போட்டோம். அந்தக் குழியில் மாண்டவன் தமிழ் பேசினானா, தெலுங்கு பேசினானா என்று எந்தத் திட்டிலும் எழுதவில்லை. அவனுக்காகச் சண்டை போட இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை. உரிமை கோர ஆள் இல்லை என்று அன்றைக்கு எழுதிய வரியை இன்றைக்கும் நாம்தான் உண்மையாக்கிக்கொண்டிருக்கிறோம்.

பதிவேட்டின் அந்த இரண்டு வரியை நான் சொன்ன மறு வெள்ளிக்கிழமை கெங்கம்மாள் வழக்கம்போலத் தட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். கல்லுக்கு முன்னால் நிற்கவில்லை. கரையிறங்கி, காய்ந்த ஏரிக்குள் நடந்து, முதல் திட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் தெளித்தாள். மஞ்சள் பூசினாள். நான் பின்னாலேயே போய், எதற்கு இது என்றேன்.

“கல்லு எங்கியும் போவாது பாவா. இவங்கதான் மழ பேஞ்சா பேஞ்சா கரைஞ்சிகினே கீறாங்க.”

அப்படிச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனாள். பதினொன்று வந்தது. திரும்பவும் எண்ணினாள். பதினொன்றுதான். “பன்னெண்டுன்னு எழுதிக்கீதுன்னு சொன்னியே, இன்னொன்னு எங்க?” என்றாள்.

இன்னொன்று எங்கே?

இதுவரை மற்றவர்களைக் கேள்வி கேட்டேன். இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். எண்பத்துமூன்றாம் வருடம் ஏரி வறண்டு கிடந்தது. எனக்கு வீடு கட்ட மண் வேண்டியிருந்தது. வடக்கு மூலையில் இருந்த திட்டு நல்ல இறுக்கமான மண். கடப்பாரை போட்டேன். இரண்டு வண்டி வந்தது. குழைத்து, மேற்குச் சுவர் எழுப்பினேன். நாற்பது வருடத்துக்கும் மேலாக அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் தலை வைத்துப் படுக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம். மஞ்சள் பூசியவர்களும் தெரியாமல்தான் பூசினோம். ஆனால் இன்றைக்குத் தெரியும். எனக்குத் தெரியும், உங்களுக்கும் இப்போது தெரியும். தெரிந்த பிறகு நாளைக்கு ஜேசிபி இறங்கினால், அதற்கு லாங்டன் துரை பொறுப்பில்லை. நாம் பொறுப்பு.

பேசவிட்டதற்கு நன்றி. மணி அடித்த கை மைக்கை மட்டும் அணைக்காமல் விட்டதே, அந்தக் கைக்குத் தனியாக ஒரு நன்றி. இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன்.

மணவாளன், வளைவு கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. துரையின் பெயரை எடுத்துவிடுங்கள். ஐந்நூற்று இருபத்தெட்டு என்று எண்ணை மட்டுமாவது எழுதுங்கள். பெயர் இல்லாதவர்களுக்கு எண்ணாவது இருக்கட்டும்.

ஒப்பந்தக்காரர் படகுத்துறையைத் தெற்குக் கரைக்கு மாற்ற வேண்டும். அங்கேதான் தண்ணீர் நிற்கிறது, படகுக்கும் அதுதான் நல்லது. மாற்றும் உத்தரவைக் குழு இன்றைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பார்க்கலாம் என்று சொல்லக்கூடாது.

மதகடிக் கல்லை யாரும் உடைக்க வேண்டாம். கழுவி வைப்போம். சௌமியா அதன் பக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் நடந்ததை எழுதி நிறுத்த வேண்டும். சிக்கனம் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

நூறு நாள் வேலைத் தாய்மார்கள் அளவுகோலோடு வர வேண்டும். பதினொரு திட்டையும் அளக்க வேண்டும். அளக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். அளந்த உயரத்தை ஊர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் காத்திருந்தது அதற்குத்தான்.

கெங்கம்மாள் மஞ்சள் கொண்டு வர வேண்டும். அவள் கொண்டு வருவாள், சொல்லத் தேவையில்லை.

நான் காலை ஆறு மணிக்கு முதல் திட்டின் மேல் உட்கார்ந்திருப்பேன். வண்டி ஓட்டுகிற தம்பிக்கு என் மேல் கோபம் வேண்டாம், டீ வாங்கித் தருகிறேன். அளவு முடிந்ததும் எல்லோரும் கோலோடு என் வீட்டுக்கு வர வேண்டும். மேற்குச் சுவரின் சுண்ணாம்பை நேற்றே சுரண்டி வைத்துவிட்டேன். பன்னிரண்டாவது அங்கே நிற்கிறது. அதையும் அளங்கள். உங்களுக்கெல்லாம் என் வணக்கத்தை அந்தச் சுவரடியில் நின்று சொல்கிறேன்.