துருப்பிடித்த ரத்தம்

இந்த நாற்காலி ஆடுகிறது. ஒரு கால் குட்டை. இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் வருவதற்குள் ஒரு காகிதத்தை மடித்து அடியில் வைத்துவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம். எதையும் சரிசெய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பது என் சுபாவத்தில் இல்லை.

தோல் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு நான்தான் பொறுப்பு. மற்ற ஆஸ்பத்திரிக்காரர்கள் இதயம், மூளை என்று மாநாடு மாநாடாகப் பறப்பார்கள். எங்களுக்கு வாய்த்தது சொறி சிரங்கு. ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேச நான் எழுந்தபோது, முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர் வேண்டுமென்றே தன் முழங்கையைச் சொறிந்து காட்டினார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அந்த அவமானத்தை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

சிரங்கு தோலோடு நிற்கிற சமாசாரம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. உடம்பு அதோடு மல்லுக்கட்டுகிறது, தூக்கம் போகிறது. அந்தச் சண்டையில் இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி ரத்தத்திலுள்ள கொழுப்பு கெட்டுப்போகிறது, அதைத் தடுக்கிற சத்துகள் குறைகின்றன. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று இதற்குப் பெயர். நான் துரு என்றே சொல்வேன். அந்தத் துருவை அளந்து காட்டி, சத்து மாத்திரை கொடுத்து அதை இறக்கியும் காட்டிவிட்டால், முழங்கையைச் சொறிந்தவர் எழுந்து நின்று கைதட்டுவார். என் ஆசை அவ்வளவுதான்.

நோயாளிகளை இரண்டாகப் பிரித்தேன். பாதிப் பேருக்குச் சொறி லோஷன் மட்டும். மீதிப் பேருக்கு லோஷனோடு மாத்திரை. வாராவாரம் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். இங்கேதான் சிக்கல் வந்தது. லோஷன் நன்றாக வேலை செய்தது. இரண்டு தரப்பினரும் சீக்கிரமே குணமாகி, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். என் மாத்திரைக்குச் செய்வதற்கு வேலையே இல்லை. நோயாளி பிழைத்துக்கொண்டாரே என்று வருத்தப்பட்டேன், அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

அதனால் அடுத்து வந்தவர்களுக்கு லோஷனில் தண்ணீர் கலந்தேன். நிறுத்தவில்லை, தண்ணீர் கலந்தேன். வித்தியாசத்தைக் கவனியுங்கள். கைக்குழந்தைகளுக்கு அந்த மருந்தில் தண்ணீர் கலந்துதான் பூச வேண்டும், அது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். அந்தச் சலுகையைப் பெரியவர்களுக்கும் கொடுத்தேன். குழந்தைகளுக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. நான் என் அறையில் கலந்து அனுப்பும் பாட்டில்களை அவன்தான் எடுத்துக் கொடுப்பான். ஒருநாள் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தான்.

"மாமா, லோஷன் தண்ணியா ஓடுதே."

"குழந்தைங்களுக்குக் கலக்குறது அப்படித்தான்டா இருக்கும்."

"வர்றவங்க எல்லாருமா குழந்தைங்க?"

உன் வேலையைப் பார் என்றேன். அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்பதையும் ஞாபகப்படுத்தினேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

இனி அந்தத் தையல்காரி. பள்ளிச் சீருடை தைத்துப் பிழைப்பவள். மடியில் ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் தவழப் பழகியிருந்தது. விரலிடுக்கில் சிரங்கைப் பார்த்துவிட்டு யாரும் அவளிடம் துணி கொடுப்பதில்லை. கையுறை போட்டுத் தைத்துப் பார்த்தாளாம், ஊசி பிடிபடவில்லை. வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர், வண்டியிலேயே படுத்துக்கொள்கிறாராம். இதையெல்லாம் ரத்தம் எடுக்கும்போது அவளே சொன்னாள். இரண்டாம் முறை வந்தபோது எனக்கு நன்றி சொன்னாள்.

"சார், முன்னாடி வேற எடத்துல குடுத்த மருந்து நெருப்பா எரிஞ்சுது. பாப்பா கத்தி ஊரையே கூட்டிருவா. உங்க மருந்து எரியவே இல்ல. நீங்க நல்லா இருக்கணும்."

புண்ணில் பட்டால் எரிவதுதான் அந்த மருந்தின் குணம். எரியவில்லை என்றால் உள்ளே மருந்து இல்லை. நான் தலையாட்டினேன். மனதாரப் பாராட்டுகிறவளிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது நாகரிகமாகப் படவில்லை.

குழந்தையின் உள்ளங்காலும் கக்கமும் புண்ணாகிச் சீழ் கட்டத் தொடங்கியிருந்தன. பெரிய டாக்டரிடம் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அவர் ஊசி போடுவார், புதிதாக மருந்து எழுதுவார், என் ஆய்விலிருந்து ஒரு ஜோடி கழன்றுவிடும். தாயும் பிள்ளையும், ஒரே வீடு, ஒரே சிரங்கு. அப்படி ஒரு ஜோடி கிடைப்பது குதிரைக்கொம்பு. டாக்டரைப் பார்க்கட்டுமா என்று அவளே கேட்டாள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். சரி சார் என்று எழுந்து போனாள். சீழ் ரத்தத்தில் கலந்து காய்ச்சல் கண்டு, அந்த அடுத்த வாரத்துக்குள் குழந்தை போய்விட்டது.

தையல்காரி மறுபடி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். மடி காலியாக இருந்ததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்து மேசையில் கையை நீட்டினாள்.

"எடுத்துக்கங்க சார். இன்னொரு பிள்ளைக்கு இப்படி ஆகக் கூடாது."

எடுத்தேன். நரம்பு உடனே கிடைத்தது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெளியே காத்திருந்தவரைக் கூப்பிட்டேன்.

குழந்தை இறந்ததை விசாரித்தபோது லோஷன் வெறும் தண்ணீர் என்று தெரிந்துவிட்டது. மச்சினனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என் தம்பி அப்படிச் செய்வானா என்று மனைவி கேட்டாள். இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்றேன். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்காவின் வாழ்க்கைக்காக வாயை மூடிக்கொண்டிருப்பான், பாவம். நான் கலந்த கேன் என் அறையிலேயே கிடைத்துவிட்ட பிறகு, மேலும் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆனால் நேற்று நீங்கள் கூட்டிவந்த நிபுணர் சொன்ன ஒன்று மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ரத்தத்தை எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்து, இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்துவிட வேண்டுமாம். வெளியே வைத்தால் குழாய்க்குள்ளேயே துரு ஏறுமாம். எனக்குத் தெரியாதா என்ன. ஒன்றிரண்டு குழாய்க்காக இயந்திரத்தை ஓட்ட மனமில்லாமல், தட்டு நிறையும்வரை ஜன்னலோரம் வைத்திருப்பேன். நான் அளந்தது நோயாளிகளின் துருவை அல்ல, ஜன்னலோரத்துச் சூட்டைத்தான் என்று அவர் சாதிக்கிறார். அப்படியென்றால் இத்தனை பேரையும் ஒன்றுமில்லாததற்காகச் சொறியவிட்டேன் என்று ஆகிறது.

அதற்கு ஆதாரமாக அவர் காட்டியது என் ரத்தத்தையே. அந்த இயந்திரம் ஆடாமல் சுழல வேண்டுமென்றால் குழாய்களை எதிரெதிராக ஜோடி சேர்த்து வைக்க வேண்டும். ஒரு குழாய் குறையும் என்று தெரிகிற நாளில் காலையிலேயே என் ரத்தத்தை எடுத்து, மற்றவற்றோடு ஜன்னலோரம் வைத்திருந்து எதிரே சேர்ப்பேன். கைப்பழக்கத்தில் அதையும் அளந்து வைத்திருக்கிறேன். சிரங்கே வராத எனக்கும் நோயாளிகளுக்கு இருந்த அதே அளவு துரு, சில நாட்களில் அவர்களைவிட அதிகம். இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று நிபுணர் கேட்டார்.

அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மருந்தில் தண்ணீரைக் கலந்தது நான். குழந்தை செத்தது அதனால்தான். மச்சினனுக்கு இதில் சம்பந்தம் இல்லை. ஆனால் என் அளவு எதுவும் தப்பில்லை. அந்தத் தையல்காரி பட்ட பாட்டை அவளைவிட ஒரு பங்கு கூடுதலாகவே நான் பட்டிருக்கிறேன், வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. என் ரத்தமே அதற்குச் சாட்சி.