காப்புறுதிக் காசும் மூன்றாவது தாளும்

தேநீரை ஆறவிடாதீர்கள். மடுத்தீன் தம்பிக்குச் சீனி போடவில்லை. யோகராணிக்கு ஒன்றரைக் கரண்டி. கடையின் பின்னறையில் கதிரைகள் இரண்டுதான். நான் இந்தத் தொலைபேசிப் பெட்டிகளின் மேல் இருந்துகொள்கிறேன். அவர் செவ்ரான் ஊருக்குச் சாமான் எடுக்கப் போயிருக்கிறார், ஆறு மணிக்கு முன் வரமாட்டார். ஆறுதலாகக் கதைக்கலாம்.

செயலாளரும் பொருளாளருமாகச் சேர்ந்து, லா சப்பல் தெரு மழையில் நனைந்து, நீங்கள் கேட்க வந்தது ஒரே கேள்வி. சங்கத் தலைவர் பதவியிலிருந்து என் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா விலகுவதாகப் போன மாதம் உங்களுக்குப் பதிவுத் தபால் வந்தது. அவரோ தான் விலகவேயில்லை என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிகிறார். கையெழுத்து அவருடையதுதானா? ஓம், அவருடையதுதான். பேனையைத் திறந்து கொடுத்தவள் நான்.

இது காரில் தொடங்கியது. 2017இல் கடனுக்குக் கார் வாங்கினோமே, அன்று விற்பனைக்கார டேமியன் சிரித்த முகத்தோடு தாள்களைப் புரட்டிப் புரட்டி இங்கே, இங்கே என்று காட்டினான். இவர் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு தாளையும் நீதிபதி மாதிரி உற்றுப் பார்த்து, தலையாட்டி, கையெழுத்து வைத்தார். அதில் ஒன்று காப்புறுதி. முதலாளி வேலையால் நிறுத்தினால் கடன் தவணையை அவர்கள் கட்டுவார்களாம். இந்தக் கடைக்கு முதலாளியே இவர்தான். இவரை வேலையால் நிறுத்தக்கூடிய ஒரே ஆள் இவர். அதற்காக மாதம் இருபத்துநான்கு யூரோ, ஐந்து வருடம்.

போன தையில் மகள் லக்சிகா பழைய பெட்டியைக் கிளறும்போது அந்தத் தாளைக் கண்டாள். ஆயிரத்து நானூற்று நாற்பது யூரோ, விற்கவே கூடாததை விற்றிருக்கிறார்கள், கேட்டால் தருவார்கள் என்றாள். விளங்காமல் கையெழுத்து வைத்தேன் என்று அப்பா ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னாள். இவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"எனக்குப் பிரெஞ்சு விளங்காதெண்டு எழுதப்போறியளோ? பிறகு நான் எந்த மூஞ்சையோட சங்கத்துக் கதிரையில இருக்கிறது?"

நியாயமான கேள்வி. அதைப் பற்றி நான் நிறைய யோசித்தேன்.

அவருக்குப் பிரெஞ்சு தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். குரல் இருக்கிறது, கையசைவு இருக்கிறது, தோளைத் தூக்குவது அப்படியே இருக்கிறது. வாசிப்பு மட்டும்தான் இல்லை. ஆனால் படிவம் நிரப்பச் சனம் இவரிடம் வரிசையில் நிற்கிறதே. நிரஞ்சலாவின் படிவத்தை நிரப்பி அவளை விதவையாக்கினார். புருசன்காரன் பக்கத்தில் நின்று நன்றி சொல்லிவிட்டுப் போனான். மடுத்தீன் தம்பி, உங்கள் சாரதி அனுமதிப் பத்திரத்தை மாற்றக் கேட்டதற்கு மீன்பிடி அனுமதி வந்தது. நீங்கள் பெருந்தன்மையோடு ஒரு தூண்டிலும் வாங்கினீர்கள். எனக்குத் தலையிடி என்று வைத்தியரிடம் கூட்டிப்போய் அரை மணித்தியாலம் விளக்கினார். இரண்டு வருடம் நான் வயிற்றுக்குக் குளிசை போட்டேன். வயிறு நன்றாக இருந்தது.

பள்ளிக்கூடச் சமையலறையில் பத்தொன்பது வருடம் பாத்திரம் கழுவினேன். கூடக் கழுவியவள் ஆனைஸ், தினமும் மதியம் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பாள். அப்படியே நானும் பிரெஞ்சு வாசிக்கப் படித்துக்கொண்டேன். வீட்டில் அதைச் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. நான் பிரெஞ்சில் வாயெடுத்தாலே, "நீ சும்மா இரு வள்ளிநாயகி, நான் கதைக்கிறன்" என்பார். அதில் எனக்குக் கோபம் கிடையாது. இதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஆக, அந்த ஒரு வரியை விட்டுவிட்டுக் கடிதத்தை நானே எழுதினேன். முதல் தாள் காசைத் திருப்பிக் கேட்பது. இரண்டாவது, வங்கிக் கணக்கு விபரம். மூன்றாவதையும் கீழே வைத்தேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் முன்னால் வைத்து, "இஞ்சருங்கோ, இதில, இதில, இதில" என்று விரலால் காட்டினேன். கண்ணாடியைப் போட்டார். மூன்றாவது தாளைத்தான் கூட நேரம் பார்த்தார்.

"ஓம், இது வழமையான தாள்தான். எல்லாக் கடிதத்தோடயும் கேக்கிறவங்கள்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

நான் அவரை ஏமாற்றவில்லை, பிள்ளைகள். தாள் பிரெஞ்சில், பெரிய எழுத்தில், அவர் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. டேமியன்தான் சிறிய எழுத்தில் வைத்தான்.

பங்குனியில் காசு முழுக்க வந்தது. தன் கடிதத்தால் வந்தது என்று அவர் தெருவெல்லாம் சொல்ல, பழைய கார்க் கடன் தாள்களோடு பதினேழு பேர் கடை வாசலில் நின்றார்கள். பதினேழு பேரையும் இவர் கையில் விட என் மனம் கேட்கவில்லை. மறுநாளே மூன்றாவது தாளைத் தபாலில் சேர்த்தேன். யோகராணிக்குத் தொலைபேசி எடுத்து, அவருக்குக் களைப்பு, விலகுகிறார் என்றும் சொன்னேன். காரணம் அவ்வளவுதான், சனத்தின் நன்மை.

இனி மாற்றலாமா என்றுதானே கேட்கிறீர்கள். மாற்றேலாது. கடிதத்தின் அடியில் நீங்கள் இரண்டு பேரும் ஏற்றுக்கொண்டோம் என்று கையெழுத்திட்டு, சங்கங்களைப் பதிகிற பிரிபெக்சர் அலுவலகத்துக்கு அனுப்பியாகிவிட்டது. பதிவாகி நேற்றுப் பதிலும் வந்துவிட்டது. சங்கத்துத் தபாலெல்லாம் இந்தக் கடை முகவரிக்குத்தானே வரும்.

கையெழுத்து வைக்க முன் கடைசிப் பந்தியை நீங்கள் வாசித்திருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். தனக்குப் பதிலாக வள்ளிநாயகியைத் தலைவராக்கும்படி அதில் அவர் கேட்டிருக்கிறார். அதற்கு வேறு அர்த்தம் எடுக்க வேண்டாம். தாளில் நாலு விரல் இடம் மிச்சமிருந்தது, வீணாக்க மனம் வரவில்லை.