புதன்கிழமை இடது கை

ஆபீசர்: அது எப்படிம்மா, புதன்கிழமை மட்டும் இடது கை?

அக்கா: எது சார்?

ஆபீசர்: வீட்டுலேர்ந்து வேலை பார்க்கன்னு நாங்க குடுத்த லேப்டாப்புல, டச்பேட் கர்சரை நகர்த்தறதோட நிக்காது. தொடற விரல் யாரோடதுன்னும் பார்த்துக்கிட்டே இருக்கும். தெரியும்ல?

அக்கா: தெரியும் சார். ஊர் பேர் தெரியாத விரல் பட்டா கர்சர் செத்த மாதிரி கிடக்கும்.

ஆபீசர்: உங்க பேர்ல ரெண்டு விரல் பதிவாகியிருக்கு. வலது ஆள்காட்டி, இடது ஆள்காட்டி. நாலு நாள் வலது விரல், மேலேர்ந்து எடுத்த படத்தைப் பார்த்து வரைபடம் போடுது. புதன்கிழமை முழுக்க இடது. மூணு மாசமா இதே கதை.

அக்கா: புதன்கிழமை வலது மணிக்கட்டு வலிக்கும் சார்.

ஆபீசர்: கிழமை பார்த்து வலிக்குமா?

அக்கா: என் மணிக்கட்டுக்கு அவ்வளவு ஒழுங்கு சார்... ஐயோ, அடுப்புல பால்! ஒரு நிமிஷம், மியூட் பண்றேன்.

தங்கச்சி: மணிக்கட்டாம், ஒழுங்காம்! இதைவிட நல்ல பொய் கிடைக்கலையா உனக்கு?

அக்கா: உன் விரலை என் விரல்னு பதிஞ்சு வச்சிட்டு, நல்ல பொய்க்கு நான் எங்கடி போவேன்?

தங்கச்சி: நானா பதியச் சொன்னேன்? ‘புதன்கிழமை கார் ஓட்டக் கத்துக்கப் போறேன், எனக்குப் பதிலா நீ உட்காரு’ன்னு கையைப் பிடிச்சு இழுத்து வச்சது யாரு?

அக்கா: சும்மாதானே படுத்துக் கிடந்தே!

தங்கச்சி: அக்கா... உன் வேலை போயிடுமா?

அக்கா: போனா ரெண்டு பேரும் சேர்ந்து படுத்துக்கலாம். நீயாவது அந்த ஆள்கிட்ட ஏதாவது பேசேன்.

தங்கச்சி: நானா? ஆபீஸ்காரங்க குரல் கேட்டாலே எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும்.

அக்கா: தெரியுமே. நாலு இன்டர்வியூ. பேர் என்னன்னு கேட்டதுக்கே நாலு டம்ளர் தண்ணி குடிச்சவளாச்சே... சார், வந்துட்டேன். பால் பொங்கிடுச்சு.

ஆபீசர்: பொங்கட்டும். கேமராவைப் போடுங்க. ரெண்டு விரலையும் ஒரே நேரத்துல டச்பேட்ல வைங்க. நான் இங்கேர்ந்து பார்த்துக்கறேன்.

அக்கா: கேமராவா? தலை கூட சீவல சார்... ரெண்டு நிமிஷம், மியூட் பண்றேன்.

தங்கச்சி: செத்தோம்.

அக்கா: என் நாற்காலிக்குப் பின்னாடி உட்காரு. இடது கையை என் கக்கத்து வழியா முன்னாடி விடு.

தங்கச்சி: உன் கை?

அக்கா: முதுகுக்குப் பின்னாடி மடக்கிக்கறேன். என் துப்பட்டாவுக்குள்ள தலையை விட்டுக்க. மெல்லிசுதான், திரை தெரியும்.

தங்கச்சி: திரை தெரியுது. உன் எண்ணெய் வாசனையும் தெரியுது.

அக்கா: மூச்சை இழுத்துக்கிட்டு விரலை வைடி. கேமரா போட்டாச்சு சார்!

ஆபீசர்: முதுகு ஏன் மலை மாதிரி இருக்கு?

அக்கா: தலையணை சார். இடுப்பு வலி.

ஆபீசர்: அது வியாழக்கிழமை வர்ற வலியா?

அக்கா: ஹி ஹி... சார் தமாஷ் பண்றீங்க.

ஆபீசர்: இடது கையில மட்டும் நெயில் பாலிஷ் இருக்கே?

அக்கா: பாட்டில் தீர்ந்துபோச்சு சார்.

ஆபீசர்: ம்... ரெண்டு விரலையும் கர்சர் ஏத்துக்குது. எங்கே, இடது கையால மூக்கைத் தொடுங்க.

அக்கா: மூக்கையா? எதுக்கு... ஆ! கண்ணு! கண்ணு!

ஆபீசர்: சொந்தக் கையே கண்ணைக் குத்துதா?

அக்கா: தூக்கக் கலக்கம் சார்.

ஆபீசர்: சரி. திரையில ஒரு படம் அனுப்பியிருக்கேன். மேலேர்ந்து எடுத்தது. வளைஞ்ச சுவர் ஒண்ணு, அதை ஒட்டி ஒரு வீடு. எல்லையை இடது விரலால வரைங்க.

அக்கா: இப்பவேவா?

ஆபீசர்: இப்பவே... ம்... வளைவுல கூட நிக்காம போகுதே... மர நிழலைச் சுவர்னு நினைச்சு எல்லாரும் ஏமாறுவாங்க. நீங்க அதை விட்டு விலகிப் போயிட்டீங்க. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு.

அக்கா: நன்றி சார். புதன்கிழமை கையாச்சே.

ஆபீசர்: இப்ப அதையே வலது விரலால.

அக்கா: அது... வேண்டாமே சார்.

ஆபீசர்: வரைங்கம்மா... என்ன இது, கோழி கிளறின மாதிரி?

அக்கா: பயத்துல கை நடுங்குது சார்.

ஆபீசர்: ஒரே உடம்புல இப்படி ரெண்டு கை இருக்க முடியாது. மேலிடத்துக்கு எழுதியாகணும். மன்னிச்சிக்குங்க, நாளைலேர்ந்து நீங்க வேலைக்கு...

அக்கா: சார், ஏழு வருஷமா வேலை பார்க்கறேன் சார்...

ஆபீசர்: வேற வழி இல்லம்மா.

தங்கச்சி: இருங்க சார்!

ஆபீசர்: யாரது? தலையணை பேசுதா?

தங்கச்சி: தலையணை இல்ல சார், நான்தான். இவளோட தங்கச்சி. அந்த இடது விரல் என்னுது. அக்காவை எடுக்காதீங்க. வீட்டுல சும்மா கிடக்கறேனேன்னு அவதான் உட்கார வச்சா. நான்தான் பிடிச்சுப்போய் விடாம வரைஞ்சேன். புதன்கிழமை எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருப்பேன் சார். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க.

ஆபீசர்: மர நிழலை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

தங்கச்சி: நிழல் எல்லாம் ஒரே பக்கமா சாயும் சார். சுவரும் அப்படியே சாய்ஞ்சிருந்தா அது சுவர் இல்ல. அளவு தெரியலன்னா அந்த வீட்டு வாசல்ல நிக்கற காரை வச்சு அளந்துக்குவேன். அதுவும் சந்தேகமா இருந்தா அந்த இடத்து ஆளுக்கே போன் போட்டுக் கேக்கணும்.

ஆபீசர்: நீங்க கேப்பீங்களா?

தங்கச்சி: கேப்பேன் சார். ஏன் கேக்க மாட்டேன்? அக்கா, நீ ஏன் சிரிக்கிற? வேலை போகுதுன்னு அழுதுட்டு இருந்தவ... அக்கா?

அக்கா: கேட்டீங்களா சார்? போன வாரம் உங்ககிட்ட வந்து எல்லாத்தையும் ஒத்துக்கிட்டப்போ, ‘கோடு பிரமாதம், ஆனா ஆபீஸ்ல காலியா இருக்கிற இடத்துக்கு வாயைத் திறந்து பேசற ஆள்தான் வேணும்’னீங்களே... இது அவளோட அஞ்சாவது இன்டர்வியூ சார், ஒரு சொட்டுத் தண்ணி கூடக் குடிக்கல!