விக்னேஸ்வரியின் மூன்று மாத வருமானம்

எனக்கு இடியாப்பம் அவ்வளவாகப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நீங்கள் கேட்க வந்திருப்பது, மூன்று மாதம் நான் வாங்கித் தள்ளிய இடியாப்பத்தைப் பற்றி. உட்காருங்கள், பவித்ரன் தம்பி. நலத்துறையிலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கிறீர்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே எழுதிக்கொள்ளலாம்.

என் பெயர் எல்ஸி. குனோங் ராபாட்டில் இருபத்திரண்டு வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். விக்னேஸ்வரி என்னிடம் ஆறு வருடம் வேலை பார்த்தவள். சுங்காய் பக்கத்துத் தோட்டத்துப் பெண். நல்ல கைமணம். புருஷன் சிவபிரகாசம் பக்கவாதத்தில் படுத்த பிறகு, அவரைக் கவனித்துக்கொண்டே சம்பாதிக்கலாமென்று வேலையை விட்டாள். வீட்டிலேயே இடியாப்பம் பிழிந்து விற்க ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. வாழ்த்தி அனுப்பினேன். அவிப்பதற்கு ஒரு பழைய சட்டிகூடக் கொடுத்தேன். அடியில் லேசாக ஓட்டை, அவ்வளவுதான்.

அந்த வியாபாரத்தில் மட்டும் குடும்பம் ஓடவில்லை. படுத்திருப்பவருக்காக உங்கள் அலுவலகம் மாதாமாதம் உதவிப் பணம் கொடுத்தது. அந்த உதவிக் கடிதத்தைக் காட்டி மாநகர் மன்றத்தில் வீட்டு வரியையும் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். வருமானம் உங்கள் வரம்புக் கோட்டைத் தாண்டினால் இரண்டும் போய்விடும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றா? ஆறாம் வகுப்போடு நின்றவள் அவள். அரசாங்கத்து மலாய் என்றால் நடுக்கம். கடிதம் வந்தால் என்னிடம்தான் ஓடி வருவாள்.

"அக்கா, கெபாஜிக்கான்லருந்து சூராட் வந்துருக்கு. என்னமோ கேக்குறாங்கலா. பயமா இருக்கு."

உங்கள் நலத்துறைக் கடிதம்தான். வாசித்தேன். சொந்தத் தொழில் செய்பவர்கள் அடுத்த மூன்று மாத வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும், அதை வைத்து உதவியைத் தொடர்வதா என்று பார்ப்பார்கள் என்று இருந்தது.

"இதுக்குப் போயி பயப்படுவியா? வர்ற காசையெல்லாம் பேங்க்லயே போடச் சொல்லு. கணக்கு சுத்தமா இருக்கும்" என்றேன். நல்ல புத்திதானே சொன்னேன்.

அன்று சாயங்காலமே என் வீட்டிலேயே தங்கியிருக்கும் அண்ணன் பிள்ளைகள் லயனலையும் ஷார்மேனையும் கூப்பிட்டேன். தினமும் ஆளுக்கு இருநூறு இடியாப்பம் வாங்க வேண்டும், பணத்தை வங்கியில் போட வேண்டும், என் பெயர் வரக் கூடாது. காசு நான் தருகிறேன் என்றேன்.

"எதுக்கு அத்தே இவ்ளோ?" என்றான் லயனல்.

"பாவம்டா, பொழைச்சிப் போகட்டும்லா."

வாங்கியதை நான் வீணாக்கவில்லை. தேங்காய்ப்பூவும் சீனியும் வைத்து என் கடையிலேயே விற்றேன். தட்டுக்கு ஐம்பது சென் லாபம் நின்றது. உதவி செய்யப் போய்க் கையைச் சுட்டுக்கொள்வது எனக்கு வழக்கமில்லை.

அந்த மூன்று மாதமும் அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பழைய ஐஸ்பெட்டி ஒன்று வாங்கினாள். புருஷனுக்குச் சக்கர நாற்காலி பார்த்து வைத்தாள். "சாமி கண்ணத் தொறந்துட்டாருக்கா" என்றாள். என் பங்குக்கு நானும் ஆமென் என்றேன்.

கணக்கு உங்கள் கைக்குப் போனதும் ஆர்டரை நிறுத்தச் சொன்னேன். கொஞ்ச நாளில் உங்கள் கடிதம் வந்தது. வருமானம் கோட்டைத் தாண்டிவிட்டது, உதவி நின்றது. அதன் பின்னாலேயே முழு வரியையும் கட்டச் சொல்லி மாநகர் மன்றத்துக் கடிதம். இரண்டையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஒரேயடியாகச் சொன்னால் தாங்க மாட்டாள். அரிசி மூட்டைப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாளே வேலைக்கு வரச் சொன்னேன். முன்பு கொடுத்ததைவிடத் தினக்கூலியில் ஐந்து வெள்ளி குறைவு. புருஷனைப் பார்க்க நடுவில் ஒரு மணி நேரம் போய் வருகிறாள் அல்லவா, அதற்கு.

முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. அதை மட்டும் வாசிக்க விட்டுப்போயிற்று. எனக்கு ஞாபகம் வந்தபோது கெடு முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. சரியாக ஒரு நாள். காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

பணம் போட்ட இரண்டு பேரும் என் விலாசத்தில் இருப்பவர்கள் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். கெட்டிக்காரர். ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் நல்லதுக்காகத்தான் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒண்டியாகத் தொழில் நடத்துவது என்ன பாடு என்று எனக்குத் தெரியாதா? இங்கே நிழலில் நிற்கிறாள், மத்தியானம் சாப்பாடு என்னுடையது.

நேற்றுகூட மாவு பிசைந்துகொண்டே சொன்னாள், "அக்கா, நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்?"

அதை நானும் யோசித்துப் பார்த்தேன், தம்பி. என் கடைக்கு நேர் எதிரே கடை போட்டிருப்பாள். வாடகைகூட அப்போதே விசாரித்து வைத்திருந்தாள்.