எட்டு நாள் வெயில்

ஓடுகிறோம். ராணி முன்னால். நான் பின்னால். செவ்வாய்க்கிழமை. காலை ஆறே முக்கால். திருவேற்காடு, கூவம் கரை. முதுகுக்குப் பின்னால் இரும்புச் சக்கரம். கட. கட. கட. காலுக்குக் கீழே மண் அதிர்கிறது. அது வருவதற்குள் கீரைத் தோட்டத்துக்குப் போய்விட வேண்டும்.

"அண்ணீ! ஓடியா! வந்துகினு கீது!"

ராணி என் நாத்தனார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்களுக்குச் சண்டை. ஆனால் கீரை அறுப்பதில் எங்கள் நாலு கைக்கு அந்தக் கரையில் ஈடு கிடையாது. சொல்லும்போதே சிரிப்பு வருகிறது, பாருங்கள்.

நிலம் குத்தகை. நிலத்துக்காரப் பெரியவர் செத்துப்போனார். மகன்கள் மனை போட விற்றுவிட்டார்கள். மோட்டார் கொட்டகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. தேர்தல் நோட்டீஸ் என்று விட்டுவிட்டோம். காலி செய்யச் சொன்ன காகிதமாம். இதையும் நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

மண் வாரும் இயந்திரம் வரப்பில் நின்றது. டிரைவர் இறங்கினான்.

"ஆயா, டீ குட்ச்சிட்டு வரேன். அதுக்குள்ள அறுக்கறத அறுத்துக்கோ."

"பன்னும் துன்னுட்டு வா நைனா! பசியோட இன்னாத்துக்கு இடிக்கிற?" ராணி கத்தினாள். அவள் வாய் எப்போதும் அப்படித்தான்.

அறுத்தோம். சரக். சரக். சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை. பத்துப் பாத்தி மொட்டை.

பதினோராவது பாத்தி செந்தண்டுக்கீரை. ஆள் உயரம். விதைக்கு விட்டது. என் மாமியார் கொடுத்த விதை. கடையில் கிடைக்காது. போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, டப்பாவில் வைத்திருந்த விதையெல்லாம் அழுகியது. தப்பியது ஒரு கைப்பிடி. அதையும் இந்தப் பாத்தியில்தான் விதைத்திருந்தோம். கதிர் இன்னும் பச்சை. எட்டு நாள் வெயில் வேண்டும்.

விதைப்பாத்தியில் காயும் முன் கத்தி வைக்க மாட்டோம். சோறில்லாத நாளிலும் வைத்ததில்லை. அன்றும் வைக்கவில்லை. சேலை உரசாமல் சுற்றிப் போய் அடுத்த பாத்தியை அறுத்தோம்.

டிரைவர் திரும்பி வந்தான். ஏறி உட்கார்ந்தான்.

"அத்த இன்னா உட்டுட்டீங்க?"

"விதைக்கு நைனா. எட்டு நாள் காயணும்."

யாரிடம் சொல்கிறேன்! அவன் என்னையே பார்த்தான். பிறகு பார்க்கவில்லை.

"தள்ளு ஆயா! தள்ளிக்கோ!"

ஒரே வாரல். பச்சைத் தண்டு நெறுநெறுவென்று முறிந்தது. அவ்வளவுதான் சத்தம். மேலே மண் விழுந்தது.

வேரோடு பிடுங்கி, வீட்டில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தால் பாதி விதையாவது தேறியிருக்கும். நேரம் இருந்தது. கை இருந்தது. மறுநாள் தோன்றியது எனக்கு. ராணிக்கும் தோன்றியிருக்கிறது. அன்றிலிருந்து நாங்கள் சண்டை போடுவதில்லை.

இப்போது கோயம்பேட்டிலிருந்து வரும் கீரையை வாங்கித் தின்கிறேன். நான்! வாயில் வைத்தால் சப்பென்று வெறும் தண்ணீர்.

போனவை: பாத்தி பன்னிரண்டு. கிணறு ஒன்று. நாலு கைக்கு வேலை. செந்தண்டு விதை, முழுசாக.

போன ஆள்: ராணி. உயிரோடுதான் இருக்கிறாள். காட்டுப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் குப்பை பிரிக்கிறாள். தூக்கிப்போட்ட கீரைக்கட்டு கிடைத்தால் அவிழ்த்து, சிவப்புத் தண்டு இருக்கிறதா, கதிர் இருக்கிறதா என்று பார்ப்பாளாம். சந்தைக் கீரையைப் பூக்கும் முன்பே அறுத்துவிடுகிறார்கள். அவளுக்குத் தெரியாதா? தெரியும். பார்க்கிறாள்.