நடுவே இறுகாத கட்டு

கிரீஸ் வைப்பதற்கு முன் நிப்பிளை, அது ஏறுகிற சின்ன முனையை, துணியால் துடைக்க வேண்டும். துடைக்காமல் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால், வெளியே ஒட்டியிருக்கும் தூசியை நாமே பேரிங்குக்குள் ஊட்டிவிடுகிறோம். பெரும்பாலானவர்கள் துடைப்பதில்லை. உங்கள் ஜீப்புக்கும் யாரோ துடைக்காமல்தான் வைத்திருக்கிறார்கள். என்னை அழைத்துக்கொண்டு வந்தபோது முன்சக்கரத்தில் ஒரு முனகல் கேட்டது. சொல்லலாமா என்று நினைத்தேன். அப்போது நீங்கள் எல்லோரும் கொஞ்சம் பதற்றமாக இருந்தீர்கள்.

நீங்கள் கேட்டது புல்கட்டு போடும் பேலரைப் பற்றி அல்ல என்று தெரியும் சார். ஆனால் அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

எங்களுடையது பழைய ரவுண்டு பேலர். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, வெட்டிக் காயப்போட்ட புல்வரிசையின் மேல் ஓட்டிக்கொண்டு போவோம். முன்னால் சீப்பு மாதிரி சுழலும் கம்பிப்பற்கள் புல்லை வாரி உள்ளே கொடுக்கும். உள்ளே சுற்றிலும் இரும்பு உருளைகள். புல் அவற்றுக்கிடையே உருண்டு உருண்டு ஆளுயரக் கட்டாகும்போது மணி அடிக்கும். கயிறு சுற்றிப் பின்கதவைத் திறந்தால் கட்டு வெளியே வந்து தரையில் நிற்கும். என் மாமனார் அதை வாங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நான் அந்த வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து ஒன்பது வருடம். அந்த வகையில் பேலர் எனக்கு மூத்தது.

மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டு வெளியே வந்ததும் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நடந்து வருவார். கட்டின் தட்டையான பக்கத்தில், நட்டநடுவில், கோலைச் செருகுவார். அது வெண்ணெயில் இறங்குவது போல் கைப்பிடி வரை இறங்கிவிடும்.

"பாத்தியா மாப்ளே, பஞ்சு மிட்டாய்" என்பார்.

பிறகு சாப்பாட்டு மேசையில் எனக்குக் கேட்கும்படி மகளிடம் சொல்வார்: "உன் புருஷன் போடுற கட்டும் அவன மாதிரியேதாம்மா. வெளிய பாத்தா விறைப்பா இருக்கும். உள்ள ஒண்ணும் கிடையாது."

என் மனைவி என் தட்டில் இன்னொரு கரண்டி போடுவாள். அவள் பாசம் அப்படி.

இந்த வருடம் புல்வெட்டுப் பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது மாமா மேசையில் ஒரு அறிவிப்புச் செய்தார். "கடைசி சனிக்கிழம பழைய இரும்புக்காரன் வரான். அதுக்குள்ள நடு இறுகின கட்டு ஒண்ணு போட்டுக் காட்டு. ஒண்ணே ஒண்ணு போதும். இல்லன்னா மிஷின் போகுது." வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "மிஷினே போனப்புறம் உன்ன எங்க நிறுத்தி வெக்கிறதுன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த வீட்டில் எனக்கென்று இருந்த வேலை அது ஒன்றுதான். பேலர் ஷெட்டில் நிற்கும்வரை நான் பேலர்காரன். அது போய்விட்டால் நான் யாரென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

மூன்று வாரம் வேலை செய்தேன். கையேட்டை ஷெட் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். முப்பத்துநான்கு நிப்பிள்களையும் துடைத்துக் கிரீஸ் வைத்தேன். சங்கிலிகளைக் கழற்றி, டீசலில் ஊறவைத்து, எண்ணெய் போட்டு, தொய்வு சரிபார்த்து மாட்டினேன். வளைந்த பற்கள் பதினொன்றை மாற்றினேன். ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் உள்ளே மணல் அரைபடுகிறதா என்று தெரியும். மூன்றில் அரைபட்டது. அவற்றையும் மாற்றினேன். கயிற்றுப் பெட்டிக்குள் ஓர் எலி நான்கு குட்டிகளோடு இருந்தது. குட்டிகளுக்குக் கண்கூடத் திறக்கவில்லை. ஒரு செருப்புப் பெட்டியில் துணி போட்டு, தாயையும் குட்டிகளையும் அப்படியே மாற்றி, வெயில் படாத மூலையில் வைத்தேன். நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் என் மனைவியிடம் கேட்டீர்களாம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் பேலரை வெறுமனே ஓட்டிச் சோதிக்க முடியாது. உள்ளே ஏதாவது உருண்டால்தான் கட்டு எப்படி வருகிறது என்று தெரியும். பருவத்துக்கு முன்னால் புல் ஏது? போன வருடத்து மிச்சம் ஒரு குவியல் இருந்தது. அதில் கொஞ்சத்தை முற்றத்தில் வரிசையாகப் பரப்பி ஓட்டினேன். முதல் கட்டு. மாமாவின் கோல் கைப்பிடி வரை போனது.

நடு இறுக வேண்டுமென்றால் முதலில் உள்ளே போவது நெருக்கமான பொருளாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. இரண்டாவது கட்டுக்கு ஜன்னல் திரைகளையும் படுக்கை விரிப்புகளையும் வரிசையின் தொடக்கத்தில் வைத்தேன்.

"என்னங்க, ஜன்னல் திரையெல்லாம் எங்க?" என்றாள் மனைவி.

"ரெண்டாவது கட்டுல இருக்கு."

"எப்ப வெளிய வரும்?"

"சனிக்கிழமைக்கு அப்புறம்."

அவள் ஜன்னலருகே போய் வெளியே பார்த்தாள். "தெருவே நம்மளப் பாக்குது."

"பாக்கட்டும். நாம என்ன தப்பா பண்றோம்?"

கோல் மறுபடியும் இறங்கியது. மூன்றாவது கட்டில் மெத்தைகள் போயின, மாமாவுடையதும் சேர்த்து. அவர் கோபப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையில் அந்த நாட்களில் அவர் உற்சாகமாக இருந்தார். வெறும் தரையில் படுத்து எழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து, கோலைச் செருகிப் பார்த்து, "பத்து வருஷம் நான் படுத்து அமுக்கின மெத்த. அதையும் பஞ்சாக்கிட்டானே" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். எதிர்வீட்டு டெய்லரையும் கூப்பிட்டுக் கோலைக் கொடுத்துச் செருகச் சொன்னார். டெய்லர் மரியாதைக்காக ஒருமுறை செருகிவிட்டு, "நல்லா உருண்டையா இருக்குங்க" என்றார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

இடையில் ஒரு நாற்காலியைப் போட்டுப் பார்த்தேன். அது என் தவறு. மரம் உருளாது. இரண்டு பற்களை முறித்துவிட்டு வாயிலேயே சிக்கிக்கொண்டது. அவசரப்பட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

நான்காவது கட்டு துணிமணிகள். மனைவி அலமாரியைத் திறந்துவிட்டாள். "பல்லு விளக்குற பிரஷ்ஷ மட்டும் விட்டு வைங்க" என்றாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. கோல் முக்கால்வாசி இறங்கி நின்றது. முன்னேற்றம். மாமாவின் சிரிப்பும் முக்கால்வாசியோடு நின்றதைக் கவனித்தேன். அன்று சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனார். 

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கூடத்தில் ஒரு கனத்த கம்பளம் மட்டும் பாக்கி. காலை பத்து மணிக்கு அதை முற்றத்தில் விரித்தேன். அதற்குப் பின்னால் மிச்சமிருந்த புல்லை எல்லாம் வரிசை கட்டினேன். டிராக்டரை நேராக நிறுத்தியபோது மாமா வந்து கம்பளத்தின் மேல் படுத்துக்கொண்டார். வரிசையின் போக்கிலேயே, நீளவாக்கில் படுத்தார்.

"மாமா, எந்திரிங்க. கட்டு போடணும்."

"எந்திரிக்க மாட்டேன். வீட்ல மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். முடிஞ்சா என்னையும் சேத்துச் சுத்து, பாப்போம்."

தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். சமையலறை ஜன்னலில் திரை இல்லாததால் மனைவிக்கு எல்லாம் தெரிந்தது. "அப்பா, விளையாட்டு போதும். டீ ஆறுது, வாங்க" என்றாள் அங்கிருந்தே. அவர் அசையவில்லை.

நான் அவசரப்படவில்லை. பத்து நிமிடம் காத்திருந்து இரண்டாவது முறை கேட்டேன், "சுத்து" என்றார். ஷியர் போல்ட்டைச் சரிபார்த்துவிட்டு மூன்றாவது முறையும் கேட்டேன். "சுத்துடான்னு சொல்றேன்ல. உனக்கு அதுக்கும் துப்பு இல்லையா?" என்றார் துண்டுக்கு அடியிலிருந்து. நீங்கள் உங்கள் அறிக்கையில் இதை வாக்குவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். வாக்குவாதமே நடக்கவில்லை. மூன்று முறை அனுமதி கேட்டேன், மூன்று முறையும் கிடைத்தது.

டிராக்டரில் ஏறினேன். முதல் கியர், குறைந்த வேகம். கட்டின் தொடக்கத்தில் மெதுவாகக் கொடுக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. கோபத்தில் இருக்கிறவன் முதல் கியரில் போகமாட்டான். முன்சக்கரங்கள் வரிசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போயின, அவர் மேல் உரசக்கூட இல்லை. இன்ஜின் சத்தம் தலைக்கு மேல் வந்ததும் மாமா துண்டை விலக்கி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் பயம் இல்லை சார். நான் நிறுத்திவிடுவேன் என்று முழுசாக நம்பினார். ஒன்பது வருடத்தில் அவர் என்மேல் வைத்த முதல் நம்பிக்கை அது. எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

பேலரை நிறுத்தும் லிவர் என் வலதுகைக்குக் கீழே இருந்தது. எட்டாத தூரம் என்று நான் சொல்லமாட்டேன். கை அதன் மேலேயேதான் இருந்தது.

சுமை அதிகமானால் ஷியர் போல்ட் முறிந்து இயந்திரத்தை நிறுத்திக் காப்பாற்ற வேண்டும். முறியவில்லை. ஒரு பேரிங்கும் கத்தவில்லை. மூன்று வாரத்து வேலை. மணி அடித்ததும் பதினெட்டுச் சுற்றுக் கயிறு போட்டு, பின்கதவைத் திறந்தேன். கட்டு இறங்கி, ஆடாமல் நின்றது. வரிசையில் ஐந்தாவது. ஆமாம், நீங்கள் கேட்டது அதைப் பற்றித்தான்.

ஊன்றுகோல் மட்டும் வெளியே எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அது உள்ளே போகவே இல்லை. டிராக்டரில் ஏறுவதற்கு முன் அவர் பக்கத்திலிருந்து நான்தான் எடுத்து ஓரமாக வைத்தேன். மரம் பற்களை முறித்துவிடும். நாற்காலியில் கற்றுக்கொண்டது.

அந்தக் கோலை எடுத்து நடுவில் செருகினேன். நான்கு விரற்கடை போனது. அதற்குமேல் போகவில்லை. என் முழுப் பலத்தையும் கொடுத்துத் தள்ளினேன், போகவில்லை. மனைவியை வந்து பார்க்கும்படி கூப்பிட்டேன். அவள் வரவில்லை. ஜன்னல் வழியாக அவள் போனில் பேசுவது தெரிந்தது. பழைய இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்கிறாள் என்று நினைத்து, அவள் பேசி முடிக்கட்டும் என்று படியில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்து இறங்கியபோதுதான் அவள் வேறு யாரிடமோ பேசியிருக்கிறாள் என்று தெரிந்தது.

நேற்று நீங்கள் கையேட்டில் கிரீஸ் பட்டு ஒட்டிப்போயிருந்த இரண்டு பக்கங்களைப் பிளேடால் பிரித்து என் முன்னால் வைத்தீர்கள். நான் படிக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இந்த மாடலில் கட்டின் நடுப்பகுதி மென்மையாகவே இருக்கும், அது குறை அல்ல, உள்ளே காற்றோட்டம் இருந்தால்தான் புல் பூசணம் பிடிக்காது, எனவே சரிசெய்ய முயல வேண்டாம் என்று போட்டிருந்தது. இரண்டு முறை படித்தேன். உண்மையைச் சொன்னால் வருத்தமாக இருந்தது. மாமா பாவம். இருபத்திரண்டு வருடம் ஒரு நல்ல இயந்திரத்தைத் தப்பாக நினைத்துவிட்டார். முன்பே படித்துக் காட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். ஓட்டியது நான்தான், எல்லாம் தெரிந்துதான் ஓட்டினேன். அதில் மாற்றமில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை என் மனைவியிடமும் காட்டுங்கள். அன்றிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேலரில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தால் அவள் கோபம் ஆறிவிடும்.