சீட்டில் போட்ட பிள்ளை

"இந்தப் பிள்ளைக்குத் தாய் யாருன்னு எனக்குத் தெரியாது, அண்ணாச்சி."

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் ரோட்டில் டவுன் பஸ் பாதி தூரம் வந்த பிறகு, ஜன்னலோரம் இருந்த பெண் கண்டக்டரிடம் இப்படிச் சொன்னாள். மடியில் ஒரு கைப்பிள்ளை. நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். இடத்துக்காக யாரிடமும் நான் கெஞ்சியதில்லை.

"என்ன சொல்லுத? பிள்ளை ஒன் மடியிலதான இருக்கு?"

"ஸ்டாண்டுல ஒருத்தி, சீட்டுல போட்டு வைங்க, இந்தா ஏறி வாரேன்னு ஜன்னல் வழியாக் குடுத்தா. பின்னால நிக்கான்னு நெனச்சேன்."

கண்டக்டர் வண்டி முழுக்கக் கேட்டார். பிள்ளைக்கு உரியவர் யாரும் இல்லை. விசில் ஊதி வண்டியை நிறுத்தினார்.

"போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துட்டுப் போவோம்," என்றார் முன்சீட்டுக்காரர். "எவளோ வேணும்னே விட்டுட்டுப் போயிருப்பா."

"அப்படிச் சொல்லாதிய. கண்ணுல மை, கையில வசம்பு. விட்டுட்டுப் போறவ இதெல்லாம் செய்வாளா? அவ வராம நான் யார்ட்டயும் குடுக்க மாட்டேன்."

பிள்ளை வீறிட்டு அழுதது. டிரைவர் எஞ்சினை அணைத்தார். வெகுநேரம் கழித்து விளாத்திகுளம் வண்டி பின்னால் வந்து நின்றது. அதிலிருந்து ஒருத்தி செருப்பில்லாமல் ஓடி வந்து பிள்ளையைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"நான் படியில ஏறுததுக்குள்ள வண்டியை எடுத்துட்டிய."

"சீட்டுப் பிடிக்கப் பிள்ளையவா போடுவாக? ஒரு துண்டு கிடைக்கலையா ஒனக்கு?" என்றார் கண்டக்டர்.

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"துண்டைத் தூக்கி எறிஞ்சிருதாக, அண்ணாச்சி. பிள்ளைன்னா எறிய மாட்டாகள்லா."